ஓட்டுக்கு ரசீது உண்டா?

கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் மல்லாட்டை விற்கும் அக்காவிடம்கூட இப்போது க்யூ.ஆர். அட்டை இருக்கிறது. இருபது ரூபாய் அனுப்பினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கொத்தனார் தம்பி கேட்டார்:

"ஏன் சார், துட்டே போன்ல போவுது. ஒரு ஓட்டு போவாதா? பெங்களூர்லேர்ந்து ஓட்டுப் போட வந்து போனா ரெண்டு நாள் கூலி போச்சு. பஸ் சார்ஜ் வேற!"

நியாயமான கேள்வி. சட்டென்று பதில் வரவில்லை. பஸ்ஸில் யோசித்ததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். கணக்கென்றால் முதலில் வவுச்சரைத் தேடுவேன். பணம் போனால் குறுஞ்செய்தி வருகிறது. தப்பாகப் போனால் பேங்கில் போய்ச் சண்டை போடலாம். ஆனால் ஓட்டு? 'இன்னாருக்குப் போட்டீர்' என்று கையில் ரசீது கொடுத்தால், மறுநாளே கட்சிக்காரர் வந்து "அதைக் கொஞ்சம் காட்டு" என்பார். கொடுக்காவிட்டால், ஓட்டு சரியாக விழுந்ததா என்று நமக்கே தெரியாது. சிக்கல் இங்கேதான்.

1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதல்முறையாக மின்னணு இயந்திரம் வைத்தார்கள். தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல, அந்தச் சாவடிகளில் மறுதேர்தல் நடந்தது. இந்த முறை அவரே ஜெயித்தார்! ஜெயித்தவருக்கு ஆதாரம் எதற்கு? தோற்றவர் ஒப்புக்கொள்ளத்தான் ஆதாரம் வேண்டும்.

அதனால்தான் 2013-ல் நாகாலாந்தின் நோக்சனில் தொடங்கி, விவிபேட் வந்தது. ஏழு விநாடி சீட்டைப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போக முடியாது. கண்ணுக்கு ரசீது, கைக்கு இல்லை. நல்ல யோசனைதான்!

போனில் இது எப்படி?

எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அப்படி விழுந்தவை. யாராவது மிரட்டினால் பிறகு மாற்றிப் போடலாம். கடைசி ஓட்டுதான் கணக்கு. ஜெர்மனியிலோ, சாமானியனால் சரிபார்க்க முடியாத ஓட்டு இயந்திரம் செல்லாது என்று 2009-லேயே அரசியல் சாசன கோர்ட் சொல்லிவிட்டது. நம் பீகாரில் 2025 ஜூனில், சில நகராட்சித் தேர்தல்களில் மொபைல் ஓட்டை முயன்று பார்த்தார்கள்.

நம்ம ஊர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்குத் துட்டு கொடுப்பவருக்கு இன்றைக்கு ஒரே கவலை... வாங்கினவன் போட்டானா? போனில் ஓட்டு வந்தால் அந்தக் கவலையும் தீர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்தச் சொல்லலாம். மேஸ்திரி மொத்தப் போனையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாமியார், புருஷன், வட்டிக்காரர்... சாவடியில் அந்த அட்டை மறைப்புக்குள் இவர்கள் யாரும் வர முடியாது. ஒரு நிமிஷம்தான், ஆனால் அது முழுக்க நம்முடையது.

அதற்காகத் தம்பியின் கஷ்டத்தைத் தள்ளிவிடலாமா? கூடாது. வெளியூரிலிருந்தே சாவடிக்குப் போய்ப் போடும் இயந்திரத்தை, 72 தொகுதிகளைச் சமாளிக்கும் மாதிரியை, 2023 ஜனவரியில் தேர்தல் கமிஷன் கட்சிகளிடம் எடுத்து வந்தது. எதிர்ப்புக் குரல்களோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. மீண்டும் எடுக்க வேண்டிய பேச்சு அதுதான். பெங்களூரிலும் ஒரு மறைப்பு இருக்கட்டும்.

தம்பி, உங்கள் துட்டு போனில் போகட்டும். ஓட்டு மட்டும் மறைப்புக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?