மூளைச் சீவலில் அளக்கப்படும் நியூரான்

நினைவுகள் உருவாவதில் முதன்மைப் பங்கு வகிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் நியூரான்களுக்குப் பாடநூல்கள் தரும் மின்னியல் அளவுகளுள் பெரும்பாலானவை, நடமாடும் விலங்கின் தலைக்குள் எடுக்கப்பட்டவை அல்ல. எலி போன்றவற்றின் மூளையை வெளியே எடுத்து, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமனில் சீவல்களாக அறுத்து, ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் சில மணி நேரம் உயிரோடு வைத்து எடுக்கப்பட்டவை. லண்டனில் ஹென்றி மக்கில்வெய்ன் வளர்த்தெடுத்த இம்முறை, ஹிப்போகாம்பஸைக் குறுக்குவாட்டில் அறுத்தால் அதன் முக்கிய நரம்புத் தொடர்கள் சீவலுக்குள் அறுபடாமல் தப்புகின்றன என்று ஆஸ்லோவின் ஸ்க்ரேடே, வெஸ்ட்கார்ட் இருவரும் 1971-இல் காட்டிய பிறகு உலகெங்கும் பரவியது.

இதன் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஒரு நியூரானைத் தேர்ந்து, கண்ணாடி நுண்குழாயின் முனையை அதன் சவ்வில் இறுகப் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டை மில்லிவோல்ட் அளவில் அறியவும், கரைசலில் ஒரு மருந்தைச் சேர்த்து ஒரே வகை அயனி வாய்க்காலை மட்டும் அடைத்துப் பார்க்கவும் வேறெந்த முறையும் இவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை. டிஸ்டர்ஹாஃப்டும் உடன் உழைத்தவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. ஓர் ஒலியைக் கேட்டதும் கண்ணிமைக்கப் பழகிய முயல்களின் சீவல்களில், மின்துடிப்புகளுக்குப் பின் சவ்வின் மின்னழுத்தம் தாழ்ந்து அடுத்த துடிப்பைத் தாமதப்படுத்தும் கட்டம், பழகாத முயல்களினுடையதைவிடச் சிறுத்திருந்தது. கற்றலின் தடயம் ஒன்று, உடலிலிருந்து பிரிக்கப்பட்ட திசுவிலும் அழியாமல் நின்றது என்பது வியப்புக்குரியது.

ஆயினும், அறுக்கும்போதே அத்திசு மாறத் தொடங்கிவிடுகிறது. கிரோவ், ஹாரிஸ் ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியின் துணையுடன் எண்ணிப் பார்த்தபோது, நியூரான்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இணைப்புகள் முழு மூளையில் இருப்பதைவிடச் சீவலில் கூடுதலாக இருந்தன. அறுபட்ட திசு புதிய இணைப்புகளை முளைக்கவிடுகிறது என்பதே இதன் பொருள். கரைசலிலுள்ள கால்சியம் பெரும்பாலும் மூளைநீரில் உள்ளதைவிட மிகுதி. பல அளவீடுகள் உடல் வெப்பத்தில் அன்றி அறை வெப்பத்தில் நடக்கின்றன. நுண்குழாயின் கரைசல் செல்லுக்குள் பரவும்போது உள்ளிருக்கும் மூலக்கூறுகள் நீர்த்துப்போவதால், இணைப்பு வலுப்பெறும் திறனே சில நிமிடங்களில் மங்கிவிடுகிறது. நுண்குழாயின் கரைசலும் சீவலைச் சூழ்ந்த கரைசலும் தொடும் இடத்தில் எழும் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடும். அதைச் சிலர் கழிக்கிறார்கள், சிலர் கழிப்பதில்லை. ஆகவே ஓர் ஆய்வில் −65 மில்லிவோல்ட் என்றும் இன்னொன்றில் −75 என்றும் காணப்படும் ஓய்வு மின்னழுத்தங்கள், அதாவது நியூரான் துடிக்காதிருக்கும்போது சவ்வில் நிலவும் மின்னழுத்தங்கள், ஒரே உண்மையின் இரு பதிவுகளாகவும் இருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு, வெளியிலிருந்து வரும் உள்ளீடுகள் அறுபடுவது. 2009-இல் ஹார்வி, டாங்க் குழுவினர், மெய்நிகர் பாதையில் ஓடும் சுண்டெலியின் நியூரானுக்குள் நேரடியாக அளந்தபோது, அந்நியூரான் மிகுதியாகத் துடிக்கும் இடத்தை விலங்கு நெருங்க நெருங்க மின்னழுத்தம் சரிவுப்பாதைபோல் மெல்ல உயர்வதையும், தீட்டா என்னும் தாள அலை அங்கே வலுப்பதையும் கண்டனர். போக இடமில்லாத சீவலில் இந்த நிகழ்வுக்கே வழியில்லை.

ஒரே கரைசலில், ஒரே வெப்பத்தில், ஒரே கைப்பழக்கத்தோடு இரு குழுக்களை ஒப்பிடும்போது சீவல் தரும் வேறுபாடு நம்பத்தக்கது; முயல் ஆய்வு நிலைத்திருப்பது அதனால்தான். சீவலில் கிடைத்த அளவைத் தனி எண்ணாக எடுத்து, நியூரானின் மாறா இயல்பு என்று கணினி மாதிரிகளில் நுழைக்கும்போதோ அது தகுதிக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது. குறை சீவலில் பாதி, அதைப் படிப்பவரிடம் பாதி. வெப்பநிலை, கால்சியம் அளவு, மின்னழுத்தத் திருத்தம் ஆகிய மூன்றும் குறிப்பிடப்படாத எந்த ஓய்வு மின்னழுத்த எண்ணையும் ஆய்விதழ்கள் ஏற்கக்கூடாது. மாணவர்களும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.