நீட்டிய கழுத்து

வனவிலங்கு ஓவியர்களுக்குக் கலபகோஸ் ராட்சத ஆமை சௌகரியமான விஷயம். அசையாது, தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பொறுமையாகத் தீட்டலாம். பார்ப்பவரும் 'தனிமை', 'புராதனம்' என்று சொல்லிவிட்டுத் திருப்தியுடன் நகரலாம். இந்தத் தனிமை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இவற்றை உயிரோடு அடித்தளத்தில் அடுக்கிச் சென்றன: மாதக்கணக்கில் தீனியோ தண்ணீரோ கேட்காத இறைச்சி. 1959இல் பிண்டா தீவில் மீனவர்கள் விட்ட சில ஆடுகள் பல்லாயிரமாகப் பெருகிப் பச்சையை மேய்ந்து தீர்த்தன. 1971இல் அங்கு கண்ணில் பட்டது ஓர் ஆண் ஆமை மட்டும். 'தனியன் ஜார்ஜ்' என்றார்கள். 2012இல் அது இறந்ததோடு அதன் இனமும் முடிந்தது. பாடம் செய்த உடல் 2017இல் சாந்தா குரூஸ் தீவுக்கு வந்து சேர்ந்தது. கழுத்தை உயர நீட்டி நிற்கிறது. கம்பீரம்தான். ஆனால் சப்பாத்திக்கள்ளியை எட்டிக் கடிக்க நீண்ட கழுத்து அது. இங்கே கள்ளி இல்லை. கள்ளியைத் தின்ற ஆடும் இல்லை. பசி போய்த் தோரணை மிஞ்சிவிட்டது. நம் ஓவியங்களிலும் நடப்பது இதுவே. கப்பலையும் ஆட்டையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், அது மாலை போட்டு மாட்டும் படம்தான்.