மூன்று தட்டுகளும் இருவகைக் காற்றும்

கடற்கரையில் குழந்தைகள் வீசி விளையாடும் தட்டை நினைவில் வைத்துக்கொண்டு டிஸ்க் கோல்ஃப் தட்டு ஒன்றைக் கையில் எடுப்பவர்கள், அதன் விட்டம் 21 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருப்பதையும், விளிம்பு மெலிந்து சாய்வாகச் சீவப்பட்டிருப்பதையும், அச்சிறு வடிவத்துக்குள் 170 கிராம் கனம் அடங்கியிருப்பதையும் உணர்ந்து, விளையாட்டுச் சாமான்களின் வரிசையிலிருந்து இதை விலக்கி, கருவி என்றே மதிக்கத் தலைப்படுவார்கள். அம்மதிப்பு நியாயமானதே. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நெடுநாள் அப்பியாசம் செய்தும், பின்னர் நண்பர்களோடு ஏற்காட்டு மலைவிடுதி ஒன்றில் ஒரு வார இறுதியைக் கழித்தும், இன்னோவா நிறுவனத்தார் புதியவர்களுக்கென்று சேர்த்து விற்கும் லெப்பர்ட், ஷார்க், ஏவியார் என்னும் மூன்று தட்டுகளையும் பரீட்சித்துப் பார்த்தபின், கண்ணுக்குப் புலப்படாத காற்றைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் சூட்சுமமான சாதனங்கள் இவை என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

விளையாட்டின் விதி எளிது. கோல்ஃபில் பந்தும் மட்டையும் செய்வதை இங்கே தட்டும் கையும் செய்கின்றன. தட்டு விழுந்த இடத்திலிருந்தே மறுபடியும் வீசி, மிகக் குறைந்த வீச்சுகளில் இலக்கை அடைபவர் வெல்கிறார். ஃப்ரெட் மாரிசன் வடிவமைத்த தட்டை 1957இல் விற்பனைக்குக் கொணர்ந்த அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனத்தில் பின்னர் பணிபுரிந்த எட் ஹெட்ரிக் என்பவர், தட்டின் மேற்பரப்பில் வட்ட வரிகளை அமைத்து அதன் பறத்தலை நிலைப்படுத்தி 1967இல் காப்புரிமை பெற்றார். அவரே 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இவ்விளையாட்டுக்கென்று முதல் நிரந்தர மைதானத்தை வகுத்தார். அங்கே தொடக்கத்தில் இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை அதன்பின் அவர் சிந்தனையில் உதித்தது. 2002இல் அவர் காலமானபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். தாம் படைத்த பொருளிடத்தில் ஒரு மனிதருக்கு இத்தனை பற்று இருக்குமானால் அப்பொருளை அலட்சியமாக மதிப்பிடுவது தகாது என்ற எண்ணத்துடனேயே இப்பரீட்சையை நான் மேற்கொண்டேன். விளிம்பைச் சாய்வாகச் சீவி, குழந்தைகளின் தட்டிலிருந்து கோல்ஃப் தட்டைப் பிரித்தெடுத்த பெருமை, 1983இல் தொடங்கிய இன்னோவாவைச் சேர்ந்த டேவ் டனிபேஸ் என்பவருக்கு உரியது.

சென்னையில் கோல்ஃப் விளையாட விரும்புகிறவருக்கு நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் புல்வெளி உண்டு. அங்கத்தினராக வேண்டும், அதற்கான வசதியும் வேண்டும். தட்டு வீசுகிறவருக்கோ அவ்வாறான தடை ஏதுமில்லை. மேலும், தட்டு வீசும் கலை இந்த ஊருக்குப் புதிதும் அன்று. ‘அல்டிமேட்’ எனப்படும் கோஷ்டி விளையாட்டைப் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் பல ஆண்டுகளாக ஆடி வருகிறார்கள். நடுவர் என்று ஒருவர் இல்லாமல், தவறிழைத்தவரே தவற்றை ஒப்புக்கொள்ளும் மரபோடு, கல்லூரி மாணவர்களும் குப்பத்து இளைஞர்களும் ஆண் பெண் பேதமின்றி ஒரே அணியில் ஓடி ஆடும் அக்காட்சி இந்நகரம் பெருமைப்படத்தக்க ஒன்று என்று மனமார நம்புகிறேன். அவர்கள் வீசுவது 175 கிராம் கனமுள்ள அகன்ற தட்டு. அது மற்றொருவர் கையில் போய்ச் சேர்வதற்காக வடிவமைக்கப்பட்டது. கோல்ஃப் தட்டு பிடிப்பதற்கு உரியதன்று. அதன் விளிம்பு விரலையும் பல்லையும் பதம் பார்த்துவிடும்.

இனித் தட்டுகளின் குணத்தைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள் தரப்பட்டுள்ளன. முதலாவது, தட்டு தன் இயல்பில் பறப்பதற்கு எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பதையும், இரண்டாவது, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதையும், மூன்றாவது, வேகம் குன்றாத முற்பகுதியில் வலப்புறம் திரும்பும் இயல்பையும், நான்காவது, வேகம் தணிந்தபின் இடப்புறம் சாய்ந்து இறங்கும் இயல்பையும் குறிக்கின்றன. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1 என்றும், ஷார்க்குக்கு 4, 4, 0, 2 என்றும், ஏவியாருக்கு 2, 3, 0, 1 என்றும் எண்கள் உள்ளன. வலம், இடம் என்று சொல்வது, வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து வீசும் வழக்கமான வீச்சுக்கு; இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறி நிகழும்.

இந்தத் திருப்பங்களுக்குக் காரணம் மிகவும் ரசமானது. வலக்கை வீச்சில் தட்டு, மேலிருந்து நோக்கினால், கடிகார முள்ளின் திசையிலேயே சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கும்போது அதைத் தூக்கிப்பிடிக்கும் காற்றின் விசை மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்பட்டு, முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளின் இயல்பு யாதெனில், ஓரிடத்தில் கொடுத்த அழுத்தத்தின் பலனைக் கால் வட்டம் தள்ளியே அது வெளிப்படுத்தும். ஆகவே முன்னால் தாழ வேண்டிய தட்டு வலப்புறம் சாய்கிறது. வேகம் தணிந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் அவ்விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்துவிட, அதே நியாயத்தினால் தட்டு இடப்புறம் சாய்கிறது. எதிர்க்காற்றில் வீசினால் காற்றைப் பொறுத்த வேகம் கூடுவதால் வலத்திருப்பம் மிகுவதும், பின்காற்றில் அது குறைந்து தட்டு சீக்கிரம் விழுவதும் இதிலிருந்து பெறப்படும்.

பங்குனி மாதத்துப் பிற்பகலில், வெயிலுக்கு அஞ்சி ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கும் வேளையில், கடற்காற்று பலமாக வீசத் தொடங்கியபின் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு அருகே நின்று வீசிப் பாருங்கள். வடக்கே, ஊரூர் குப்பத்தை நோக்கி வீசினால் காற்று வலப்புறமிருந்து வருகிறது. இறுதியில் தட்டு இடப்புறம் சாயும்போது அதன் அடிப்பாகம் காற்றுக்கு நேராகத் திரும்பிவிடுவதால், காற்று அதை ஏந்திச் சாலைப் பக்கம் வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது. அங்கேயே திரும்பி நின்று தெற்கே அஷ்டலட்சுமி கோயிலை நோக்கி அதே வீச்சை வீசினால், சாயும் தட்டின் முதுகில் காற்று விழுந்து அதை மணலில் அழுத்திவிடுகிறது. கை ஒன்று, தட்டு ஒன்று, பலமும் ஒன்று. விளைவு மட்டும் முற்றிலும் வேறு. விடியற்காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது இவ்விரண்டும் தலைகீழாகி, தெற்கே வீசிய தட்டு கடலை நாடிச் செல்லும். கடலில் விழுந்த தட்டு திரும்பக் கிடைப்பது அரிதாகையால், அதிகாலையில் வீசுகிறவர்கள் வடதிசையையே தேர்ந்தெடுப்பது உத்தமம்.

இவ்வித்தியாசம் லெப்பர்டில் மிகத் தெளிவாகவும், ஷார்க்கில் மத்திமமாகவும், ஏவியாரில் குறைவாகவும் தென்படுகிறது. ஏவியாரின் விளிம்பு தடித்தும் உருண்டும் இருப்பதால் கைக்குள் இணக்கமாக அமர்கிறது. மெதுவாக எறிந்தாலும் சொன்ன சொல் கேட்கிறது.

கடல் மட்டத்துக் காற்றில் இத்தட்டுகளைப் பழகியவர்களுக்கு மலைக்காற்று புதிய பாடம். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்ட்ரலிலிருந்து புறப்பட்டு, விடியலில் சேலத்தில் இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ச்சியைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பின்னும், சென்னையைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்த காற்றிலே நிற்கிறோம். தூக்கிப்பிடிக்கும் காற்று மெலிந்துபோனபடியால் தட்டின் மிதப்பு குறைகிறது. முற்பகுதியின் வலத்திருப்பம் சுருங்குகிறது. இடப்புறச் சாய்வு முந்திக்கொள்கிறது. பெசன்ட் நகரில் பாம்பென நெளிந்து சென்ற லெப்பர்ட் இங்கே நேர்கோடு பிடித்துப் பறந்ததைக் கண்டு நாங்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. தட்டு மாறவில்லை, அதைச் சூழ்ந்த ஆகாயம் மாறியிருந்தது.

விடுதியின் எல்லைக்குள், உரிமையாளரின் அனுமதியோடு, காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் சிலவற்றைத் தேர்ந்து, அடிமரத்தில் துண்டு கட்டி, அவற்றையே இலக்குகளாக வைத்துக்கொண்டோம். மிளகுக் கொடி ஏறிய மரங்களை விலக்கிவிட்டோம். பிறர் ஜீவனத்தின்மீது தட்டை எறிவது முறையன்று. மயிலாப்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும், தியாகராய நகரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அம்மையார் ஒருவரும், அடையாற்றைச் சேர்ந்தவனும் அல்டிமேட்டில் தேர்ந்தவனுமான இளம் பொறியாளன் ஒருவனும் என்னோடு ஆடினார்கள். பொறியாளன் ஒவ்வோர் இலக்குக்கும் லெப்பர்டையே எடுத்துத் தன் பலம் முழுவதையும் செலுத்தினான். தட்டு மரங்களுக்கிடையே அதிவேகமாகப் போய்ப் பட்டையில் மோதித் தெறித்துக் காப்பிச் செடிகளுக்குள் மறைந்தது. அம்மையார் முதலிலிருந்து கடைசிவரை ஏவியாரைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை.

“அக்கா, இந்தச் சின்ன வேகத் தட்டு ரொம்ப தூரம் போகாது. பெரிசை எடுங்க” என்றான் அவன்.

“தூரம் போய் என்ன பண்றது தம்பி? மரத்தைத் தொடணுமே” என்றார் அவர்.

வென்றவர் அவரே. அதற்குக் காரணம் தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. வேகத்துக்கென்று சீவிய விளிம்பு, அவ்வேகம் வாய்க்காத கையில் தன் குணத்தைக் காட்டாமல் இடப்புறமே சரிந்துவிடும்; காட்டும் கைக்கோ மரங்களிடையே அவ்வேகம் இடைஞ்சலாகும். நூறு அடிக்குள் இலக்கு இருக்கும் இடங்களில் மெதுவான தட்டே அரசு. பொறியாளன் மறுநாள் காலை ஷார்க்கை எடுத்துக்கொண்டு, பாதி பலத்தில் வீசி, மிக அழகாக ஆடினான். மூன்று தட்டுகளில் நடுவிலிருப்பது எவருடைய கவனத்தையும் கவராமல் தன் கடமையைச் செய்வது; பழகியவனின் கையில் அது ஒளி பெறுகிறது.

மடக்கிக் கொண்டுசெல்லத்தக்க கூடை ஒன்றையும் வலைக்கடையில் வாங்கி வந்திருந்தேன். அதைப்பற்றி நல்ல வார்த்தை சொல்ல இயலவில்லை. சங்கிலிகள் ஒரே வரிசையாகவும் இலேசாகவும் இருப்பதால், வேகமாக வந்த தட்டை அவை தடுத்து நிறுத்தாமல் மறுபுறம் போகவிடுகின்றன. கால்கள் சரிவான நிலத்தில் நிலைகொள்வதில்லை. உப்புக்காற்றில் சில வாரங்கள் இருந்ததற்கே வளையங்களில் துரு கண்டுவிட்டது. தரமான கூடையில் உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குச் சங்கிலிகள் இருக்கும். அவற்றில் தட்டு மோதி விழும்போது எழும் ஓசை இவ்விளையாட்டின் பெரிய சுகங்களில் ஒன்று. ஆனால் அத்தகைய கூடையை ரயிலில் தூக்கிச் செல்ல முடியாது. ஹெட்ரிக்கின் முதல் மைதானமே கம்பங்களோடு நடந்ததென்றால், நமக்கு ஒரு தென்னையோ சவுக்கோ போதாதா?

நகரத்துக்குள் இதற்கு இடம் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. லஸ்ஸில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, தியாகராய நகரின் பனகல் பூங்காவிலோ முதியவர்களும் குழந்தைகளும் நெருங்கி நடக்கும் பாதைகளில் இக்கனத்த தட்டை ஒருபோதும் வீசலாகாது. ஏவியாரைக்கூட அங்கே எடுக்கக்கூடாது என்பது என் திடமான கருத்து. கடற்கரையிலும் மாலை ஐந்து மணிக்குமேல் தட்டு பைக்குள் போய்விட வேண்டும். ஊரூர் குப்பத்துப் பக்கம் வீசுகிறவர்கள் கரையில் உலரும் வலைகளையும் படகுகளையும் விட்டு விலகி நிற்பதும், பங்குனி ஆமைகள் முட்டையிடும் தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் அவற்றின் குழிகள் இருக்கக்கூடிய மேல்மணலை மிதித்துத் தேடாதிருப்பதும் அவசியம். மாநகராட்சி மைதானம் ஒன்றின் ஓரத்தில் காலை ஒரு மணி நேரமாவது ஒரு தரமான கூடையை நிறுத்தி வைத்தால், அதனால் பயனடையக்கூடிய பள்ளிப் பிள்ளைகள் ஏராளம், செலவோ சொற்பம். இவ்விஷயத்தில் பொறுப்புள்ளவர்கள் கவனம் செலுத்த வேண்டுமென்று மிகுந்த ஆவலோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாங்க விரும்புவோருக்கு: தரமான கிரிக்கெட் மட்டை ஒன்றின் விலையில் இவ்வகைத் தட்டுகள் பல வாங்கிவிடலாமாகையால், மூன்றையும் சேர்த்தே வாங்குவதில் குற்றமில்லை, ஒன்றே போதும் என்பவர்கள் ஏவியாரை வாங்கட்டும். நிறம் ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கட்டும். பச்சைத் தட்டைக் காப்பித் தோட்டத்தில் தேடிய களைப்பு எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மலிவான பிளாஸ்டிக்கில் வார்த்த தட்டுகள் மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்து, நாளடைவில் வலத்திருப்பம் கூடப் பெறுவது இயல்பு. தேய்ந்ததை எறிந்துவிடாமல் மலைக்கு எடுத்துச் சென்றால், அங்கத்திய மெலிந்த காற்றில் அது மீண்டும் நேராகப் பறக்கும். கனத்தைத் தேர்வு செய்யும்போது, கடற்கரைக்கென்றால் 170 கிராமுக்குக் குறையாததையும், ஏற்காடு, கொடைக்கானல் போன்ற இடங்களில் மரங்களுக்கிடையே வீசுவதற்கென்றால் 150 கிராம் அளவிலான இலேசானதையும் கேட்டு வாங்குங்கள். தட்டின் அடியில் எடையை எழுதியிருப்பார்கள்.