ஐடெம்போட்டன்ட்: பதிலைப் பற்றிய சொல் அல்ல, விளைவைப் பற்றியது

‘ஐடெம்போட்டன்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடை கதைகளிலோ செய்தித்தாளிலோ கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் மென்பொருள் ஆவணங்களில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. புழங்குகிற அளவுக்குப் புரிந்துகொள்ளப்படுகிறதா என்றால், இல்லை என்பதே என் கட்சி.

முதலில் பிறப்பு. 1870ல் அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணித ஆய்வு ஒன்றுக்காக உருவாக்கிய சொல் இது. லத்தீனில் ‘ஐடெம்’ என்றால் ‘அதே’. ‘பொட்டென்ஸ்’ என்றால் ஆற்றல் உள்ளது. கணிதத்தில் ஆற்றல் என்பது அடுக்கு, நாம் பள்ளியில் ‘பவர்’ என்று படித்தது. தன்னைத் தன்னாலேயே எத்தனை முறை பெருக்கினாலும் தானாகவே இருப்பது என்று பொருள். சாதாரண எண்களில் 0, 1 இரண்டுக்கு மட்டுமே இந்தக் குணம். அணிகளில் நிறைய உண்டு. தமிழில் ‘தன்னடுக்கு அணி’ என்கிறார்கள். இறுக்கமான, நல்ல சொல்.

கணினித் துறைக்கு வந்ததும் பெருக்கல் கழன்றுகொண்டது. ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றே என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கினாலும் பத்து தடவை அமுக்கினாலும் லிஃப்ட் ஒரு தடவைதான் வரும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன குழப்பம்? இரண்டு.

ஒன்று, ‘ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரணும்’ என்று நினைப்பது. எச்டிடிபி விதிகளின்படி டெலிட் கட்டளை ஐடெம்போட்டன்ட். முதல் முறை ‘அழித்தாயிற்று’ என்று பதில் வரும். மறுமுறை ‘அப்படி ஒன்று இல்லையே’ என்று 404 வரலாம். பதில் வேறு. ஆனால் கோப்பு இல்லை என்ற நிலை இரண்டு தடவையும் ஒன்றுதானே!

இரண்டு, ‘எதையும் மாற்றாது’ என்று நினைப்பது. அதற்கு அதே விதிகளில் ‘சேஃப்’ என்று தனிச்சொல் இருக்கிறது. கெட் கட்டளைக்கு இரண்டு குணமும் உண்டு. டெலிட் ஐடெம்போட்டன்ட் மட்டுமே, சேஃப் கிடையாது.

வெறும் சொற்சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பணம் அனுப்புகிறீர்கள், நெட்வொர்க் பாதியில் அறுந்துவிடுகிறது. கோரிக்கை போய்ச் சேரவில்லையா, பதில்தான் திரும்பவில்லையா என்று உங்கள் செயலிக்குத் தெரியாது. மறுபடி அனுப்பத்தான் வேண்டும். ‘இருப்பை 500 ஆக்கு’ என்பதை இருமுறை சொன்னாலும் 500தான். ‘100 கழி’ என்பதை இருமுறை சொன்னால் 200 போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, ‘இது ஏற்கெனவே பார்த்த எண்’ என்று சர்வர் கண்டுபிடிக்க வழி செய்கிறார்கள்.

ஆக, இந்தப் பெயரடை ஓர் அலங்காரமல்ல, வாக்குறுதி. ஆவணத்தில் இதைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பதில் வரலைன்னா, பயமில்லாம இன்னொரு தடவை அனுப்பலாமா?” எழுதியவர் யோசிக்காமல் ‘அனுப்பலாம்’ என்றால் சொல் பொருந்துகிறது. தயங்கினால், அந்தச் சொல்லை எடுத்துவிடுவதே நேர்மை.