வேல் தைத்த நாயின் வால்

நாலடியாரில் நட்பாராய்தல் அதிகாரத்தில் யானையையும் நாயையும் ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. எத்தனை காலம் பழகியிருந்தாலும் யானை பாகனையே கொன்றுவிடும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும். அதனால் யானை போன்றவர்களை விட்டுவிட்டு நாய் போன்றவர்களோடு நட்பு கொள் என்கிறது பாட்டு. நாயை வசைச் சொல்லாகவே வைத்திருக்கும் மொழியில் நாயை உயர்த்திப் பேசிய அபூர்வமான இடம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுவது ஒரே கேள்விதான். வேலெறிந்தவன் யாரு, எதுக்கு எறிஞ்சான்? பாட்டு அதைக் கேட்பதே இல்லை. தைத்தபிறகும் வாலாட்டியதுதான் அங்கே பெருமை.

நாயைப் பற்றி நாம் எழுதியதும், நாயை நாம் பழக்கும் விதமும் வேறு வேறு இல்லை என்பது என் எண்ணம். அடியை வாங்கிக்கொண்டு அன்பு காட்டும் நாய்தான் நம் இலக்கியத்தின் நல்ல நாய். அதே நாயைத்தான் தெருவிலும் வீட்டிலும் உண்டாக்கப் பார்க்கிறோம்.

அந்தப் புலவரின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. வலியிலும் நாய் வாலாட்டும், அது உண்மை. ஆனால் வாலாட்டுவது எல்லாமே சந்தோஷம் இல்லை. உடம்பைக் குறுக்கி, வாலைத் தாழ்த்தி, வேகமாக ஆட்டினால் 'என்னை விட்டுடு' என்று அர்த்தம். 2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்களைப் படம்பிடித்து அளந்தார்கள். வளர்ப்பவரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் கூடுதலாகப் போகிறது. மிரட்டும் அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. ஆக, வால் ஒரு சொல் இல்லை, ஒரு வாக்கியம். புலவர் சரியாகப் பார்த்தார், எஜமானன் பக்கம் நின்று பொருள் சொன்னார்.

பழமொழிகள் இதைவிட மோசம். 'அடியாத மாடு படியாது' என்பது கல்வியைப் பற்றிய ஒரு கோட்பாடு. 'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்பது அந்தக் கோட்பாடு தோற்கும்போது சொல்லிக்கொள்ளும் சமாதானம். இரண்டுக்கும் நடுவில் நாய்க்கு இடமே இல்லை. 'குரைக்கிற நாய் கடிக்காது' ஆபத்தான பொய். குரைத்த நாய் கடித்த கதை வடசென்னையில் தெருவுக்கு நாலு கிடைக்கும்.

நான் இருப்பது திருவொற்றியூரில். எங்கள் பக்கம் நாய் வளர்க்கும் பையன்களிடம் பேசினால் ரெண்டு விஷயம் உறுதியாகச் சொல்வார்கள். ஒன்று, "பகல்ல கட்டிப்போட்டாதாண்ணா ரோஷம் வரும்." இன்னொன்று, "வூட்ல தல யாருன்னு அதுக்குக் காட்டணும்." பத்துக்குப் பத்து வீட்டு வாசலில், மே மாச வெயிலில், சைபீரியப் பனிக்காக மயிர் வளர்ந்த ஹஸ்கி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். கயிறு ரெண்டு முழம். அதற்கு வருவது ரோஷம் இல்லை. ஓடவோ ஒதுங்கவோ வழியில்லாத பயம். ஓட முடியாத நாய்க்கு மிச்சமிருப்பது பல் ஒன்றுதான்.

'தல' என்கிற கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947ல் ருடால்ஃப் ஷெங்கல் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகச் சண்டை போடுகின்றன என்று எழுதினார். டேவிட் மெக் 1970ல் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக் காட்டு ஓநாய்களோடு பல கோடைகள் இருந்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது அம்மா அப்பா பிள்ளைகள் உள்ள குடும்பம்தான், 'தல' என்ற சொல் வேண்டாம் என்று 1999ல் எழுதினார். எழுதியவரே திரும்பப் பெற்ற கதையை நாம் இன்னும் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம்.

அடி வேலை செய்யாதா? செய்யும், அதுதான் சிக்கல். அடித்தால் நாய் அந்த நிமிஷம் நிறுத்திவிடும். அது கற்றுக்கொண்டது என்ன என்பது வேறு கணக்கு. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2020ல் வெளியானது. கழுத்தைச் சுண்டியும் அதட்டியும் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் கூடியிருந்தது. உள்ளே தீனி இருக்கா இல்லையா என்று தெரியாத கிண்ணத்தைக் காட்டியபோது, அதிகம் அடக்கப்பட்ட நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் அவை நல்லதை எதிர்பார்க்கவில்லை. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும். பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

இதற்கு மாற்று, கொஞ்சிக் கெடுப்பது இல்லை. வடசென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், குத்துச்சண்டை வாத்தியார் கையில் பேட் பிடித்து நிற்பதுபோல. குத்து சரியாக விழுந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கணமே பையனுக்குத் தெரியும், இதுதான்னு. 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்கள் காதில் அந்தச் சத்தம் இருக்கும். நாய்ப் பயிற்சியில் உச்சுக் கொட்டுவதுதான் அந்த 'டப்'. நாய் உட்கார்ந்த கணத்தில் ஒரு உச்சு, உடனே ஒரு துண்டு கருவாடு. டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984ல் எழுதிய புத்தகம் இந்த முறையை நாய்க்காரர்களிடம் கொண்டுபோனது. குரல் உயர்த்த வேண்டாம். வேண்டாததைச் செய்ய வாய்ப்பில்லாமல் இடத்தை அமைப்பது, வேண்டியதைச் செய்தால் கூலி கொடுப்பது, அவ்வளவுதான். கூலி கொடுக்காமல் விசுவாசம் கேட்பது எந்தத் தொழிலில் நியாயம்?

சினிமாவுக்கு வருவோம். 2018ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தின் கருப்பி, தமிழ் சினிமாவின் முக்கியமான நாய். தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகிறாள். பிறகு படம் முழுக்க வருகிறாள். கருப்பியை சாதிக்கொடுமையின் உருவகமாகப் பலர் எழுதிவிட்டார்கள், சரிதான். எனக்குப் பிடித்தது சாவுக்கு முந்தைய கருப்பி. வேட்டைக்குப் போகிற, தண்ணீரில் இறங்குகிற, கூப்பிட்டால் வருகிற சாதாரண நாய். அந்தச் சில நிமிஷங்கள் இல்லாவிட்டால் அந்த ஒப்பாரி நம்மை உலுக்கியிருக்காது. 2022ல் வந்த 'ஓ மை டாக்' படத்தில் கண் தெரியாத ஹஸ்கிக் குட்டி போட்டிக்குப் போய்த் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நம் கதைகளில் நாய் ஒன்று செத்தாக வேண்டும், இல்லை ஜெயித்தாக வேண்டும். சும்மா இருக்கும் நாயின் ஒரு நாள் யாருக்கும் கதையாகத் தெரியவில்லை.

'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்று கிண்டல் செய்வோம். காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிந்தபின் நாய்களைக் கவனித்தால் அந்தக் கிண்டல் நிற்காது. மோந்து பார்ப்பதுதான் அவற்றின் வேலை. யார் வந்தார்கள், எந்த நாய் போனது, எங்கே மீன் கழிவு கொட்டினார்கள் என்று ஒவ்வொரு மூலையையும் படிக்கின்றன. பிறகு வலைக்குவியல் மேல் தூங்குகின்றன, நிறையத் தூங்குகின்றன. போதுமான தூக்கம், மோந்து நடக்க நேரம், நிழல், தண்ணீர், வேண்டாமென்றால் விலகிப்போக இடம். நாயின் நலம் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் இந்தப் பட்டியல்தான் வரும். கேட்டில் கட்டிய நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு உண்டு. இந்தப் பட்டியலில் மற்றது எதுவும் இல்லை.

தெருநாய்க்கு ஆபத்து இல்லையா, தெருநாயால் ஆபத்து இல்லையா? இரண்டும் உண்டு. விடிகாலை மீன் எடுக்கக் கூடையோடு போகும் அக்காவைத் துரத்தும் நாயைப் பற்றி அவரிடம் போய் அழகியல் பேச முடியாது. வெறிநோய் வந்தால் பிழைப்பது அரிது. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலம் இருந்தது. அது நின்று, 1996ல் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. அத்தனை வருஷம் கொன்றும் நாய் குறையவில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. அன்றிலிருந்து நம் ஃபோன்களில் ரெண்டே கட்சி. ஒரு கட்சிக்கு நாய் குழந்தை, இன்னொன்றுக்குப் பிசாசு. நாயை நாயாகப் பார்க்க ரெண்டு பேருக்கும் நேரமில்லை.

கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்கிறது. 2017ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அறிமுகமில்லாத மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது, கூடுதல் தீனியைவிடத் தடவிக்கொடுத்ததுதான் தெருநாயின் நம்பிக்கையை வளர்த்தது. எங்கள் ஏரியா டீக்கடை அண்ணனுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். பொறை பிஸ்கட் போட்டுவிட்டு, "இன்னாடா மணி" என்று காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார். கருத்தடை வண்டி வந்தால் அவர் கூப்பிட்டுத்தான் மணி வரும். கல்லெறி வாங்கிய நாயைப் பிடிக்க வலை வேண்டும், நாலு ஆள் வேண்டும், பல நாள் வேண்டும். எறிந்த ஒவ்வொரு கல்லும் ஒரு தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறது.

பள்ளிக்கூடத்தில் நாலடியார் இருக்கட்டும். கூடவே நாயைப் படிக்கவும் சொல்லித்தரலாம். உதட்டை நக்கினால், தூக்கம் வராமல் கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பி வெள்ளைவிழி காட்டினால், உடம்பு விறைத்தால், தள்ளிப்போ என்கிறது. சாப்பிடும் நாயை, குட்டி போட்ட நாயைத் தொடாதே. துரத்தினால் ஓடாதே, கையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பார்க்காமல், மரம்போல நில். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு, மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதே, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடு. இவ்வளவும் கரும்பலகையில் ஒரு பக்கம்தான் வரும்.