ஒருவர் பார்த்த நேப்பிள்ஸ்

இயக்குநர் ரோசெல்லினியின் 'இத்தாலியப் பயணம்' (1954) படம் குறித்த சச்சரவு பெரும்பாலும் அதன் கடைசி நிமிடங்களைச் சுற்றியே நடந்திருக்கிறது. மணவிலக்கு என்று முடிவுசெய்துவிட்ட ஓர் ஆங்கிலத் தம்பதி, சாமி ஊர்வலக் கூட்டத்தில் பிரிந்து, தேடிப் பிடித்து, கட்டிக்கொள்கிறார்கள். நியோரியலிசத்தைக் கைவிட்டார் என்ற இத்தாலிய விமர்சகர்களின் குற்றச்சாட்டும், 1955இல் பிரெஞ்சு விமர்சகர்கள் பாஸானும் ரிவெத்தும் ரோசெல்லினிக்காக வாதாடியதும் பழைய கதை. முடிவில் வருவது அற்புதமா, ஏமாற்றா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். அந்த அணைப்புக்கு இருவரையும் படம் ஆயத்தப்படுத்தியிருக்கிறதா என்பது கட்டமைப்பைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்ல முடியும்.

கதை மெலிந்தது. இறந்துபோன ஹோமர் மாமாவின் வீட்டை விற்க நேப்பிள்ஸ் வந்த கேதரினும் அலெக்ஸும் (இங்க்ரிட் பெர்க்மன், ஜார்ஜ் சாண்டர்ஸ்) வேலை மும்முரம் இல்லாத சில நாட்களில் ஒருவருக்கொருவர் சலித்துப்போயிருப்பதைக் கண்டுகொள்கிறார்கள். அவன் காப்ரிக்குப் போகிறான். அவள் ஊர் பார்க்கக் கிளம்புகிறாள். சம்பவங்களைக் கோத்துச் செல்லும் திரைக்கதை இங்கே இல்லை. ஒரு பெண் பார்க்கிறாள், பார்த்தது அவளை என்ன செய்கிறது என்பதை நாம் பார்க்கிறோம். முறை இவ்வளவுதான். இதை நம்பி ஒரு முழுநீளப் படத்தை எடுக்கத் துணிந்ததே 1954இல் பெரிய காரியம்.

முறை முழுமையாகக் கூடிவரும் இடம் அருங்காட்சியகம். வயதான வழிகாட்டி ரோமப் பேரரசர்களின் சிலைகளை அண்டைவீட்டுக் கிறுக்கர்களைப் போல அறிமுகப்படுத்துகிறார். பேச்சில் பக்தி துளியும் இல்லை. காமிராவோ நேர்மாறாக, ஃபார்னேசே ஹெர்குலிஸின் பாறைபோன்ற உடலைச் சுற்றி உயர்ந்து வளைந்து, அந்த நகர்வின் முடிவில் கேதரினின் முகத்துக்கு வந்து சேர்கிறது. சிலைக்கும் அவளுக்கும் நடுவே வெட்டு விழுந்திருந்தால் 'அவள் சிலையைப் பார்த்தாள்' என்ற தகவல் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரே ஷாட்டாக இருப்பதால் கூச்சமற்ற அந்த உடலின் பாரம் அவள்மேலேயே இறங்குகிறது. ரென்சோ ரோசெல்லினியின் இசை சற்று அதிகமாகவே மிரட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சோல்ஃபத்தாரா எரிமலைக்குழியில் நடக்கும் காட்சியும் இதற்கு இணையானது. தரையின் ஒரு துவாரத்தருகே நெருப்பைக் காட்டினால் சுற்றிலும் உள்ள துவாரங்களில் எல்லாம் புகை பெருகுகிறது. படம் அதற்கு விளக்கவுரை எழுதாமல் நகர்ந்துவிடுகிறது.

தெருக்காட்சிகளில் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. காரில் கணவனைத் திட்டிக்கொண்டே போகும் கேதரினின் கண்ணில் கர்ப்பிணிகள், குழந்தை வண்டிகள், மறுபடி கர்ப்பிணிகள். குழந்தையில்லாத பெண் என்பதை ஒருமுறை சொன்னால் போதாதா? கார்க் கண்ணாடிக்குள் பெர்க்மன் தனி ஷாட், வெளியே ஊர் தனி ஷாட் என்று மாறி மாறி வரும்போது, அருங்காட்சியகத்தில் அவள் கண்டடைந்த பொருளை இங்கே இயக்குநர் அவள் கையில் திணிக்கிறார். மண்டையோடுகள் அடுக்கிய ஃபொந்தனெல்லே இடுகாட்டில், உடன்வந்த இத்தாலியப் பெண் பிள்ளைவரம் வேண்டுவதும் அந்தத் திணிப்பின் எல்லையைத் தொட்டு மீள்கிறது.

இவை சில்லறைக் குறைகள். பெரிய குறை அலெக்ஸ். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'இறந்தவர்கள்' கதைக்குப் படம் பட்டிருக்கும் கடன் ஒளிவுமறைவற்றது. தம்பதியின் குடும்பப் பெயரே ஜாய்ஸ்; மனைவியின் நினைவில் இறந்துபோன ஓர் இளைஞன் இருக்கிறான். ஜாய்ஸின் கதையில் நினைவு மனைவிக்கு, அதைக் கேட்டு உள்ளுக்குள் உடையும் பிரக்ஞை கணவனுக்கு என்ற பங்கீடு உண்டு. ரோசெல்லினி இரண்டையும் மனைவிக்கே கொடுத்துவிட்டார். அலெக்ஸுக்கு எஞ்சியவை காப்ரியில் கைகூடாத ஒரு சல்லாபமும், இரவில் காரில் ஏறிய விலைமாதுடன் ஒரு பேச்சும். முழுத் திரைக்கதையைக் கையில் தராமல் ரோசெல்லினி வேலை வாங்கிய விதம் சாண்டர்ஸுக்குப் பிடிக்கவில்லை. அந்த எரிச்சல் முற்பகுதியில் அலெக்ஸின் சலிப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. மனம் இளக வேண்டிய இடத்திலும் அதே முகம்தான்.

பாம்பெய் காட்சியில் மட்டும் இருவரும் ஒன்றாக ஒரு பொருளைப் பார்க்கிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸின் சாம்பலில் புதைந்த உடல்கள் மட்கி, இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடங்களை விட்டுச் சென்றன. அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி வடிவத்தை மீட்கும் முறையைத் தொல்லியலாளர் ஃபியொரெல்லி 1863இல் கையாண்டார். படத்தில் தொழிலாளர்கள் மண்ணைச் சுரண்டச் சுரண்ட உறுப்பு உறுப்பாக வெளிப்பட்டுக் கடைசியில் ஓர் ஆணும் பெண்ணுமாக உருத்திரள்கிறது. அவசரமே இல்லாத இந்த வேலையைக் காமிரா பொறுமையாகப் பின்தொடர்கிறது. மணவிலக்கைப் பேசிமுடித்த கையோடு வந்தவர்கள் இவர்கள். கேதரின் தாளாமல் அழுதபடி விலகி ஓடுகிறாள். அவளுக்கு இது படம் முழுக்க நடந்த பார்வையின் உச்சம். ஒவ்வொரு படியும் நம் கண்முன்னே ஏறப்பட்டது. அலெக்ஸோ தானும் நெகிழ்ந்ததாக ஒரு வார்த்தை சொல்கிறான். அவன் நெகிழ்ந்ததை வாய்வார்த்தையாகக் கேட்கிறோமே ஒழிய ஒரு ஷாட்டில்கூடக் காண்பதில்லை. முகத்தைக் கொண்டே அனைத்தையும் நிறுவும் ஒரு படத்தில் இது பெரிய ஓட்டை.

ஆக, ஊர்வலக் கூட்டம் கேதரினை அடித்துச் செல்லும்போது அவள் எழுப்பும் கூக்குரலுக்குப் பின்னே ஒரு முழுப் படம் நிற்கிறது. அதைக் கேட்டு ஓடிவரும் அலெக்ஸின் பின்னே ஒரு வசனம் மட்டுமே. 'ஸ்ட்ரோம்போலி'யின் (1950) முடிவும் இதே அளவு திடீரென்றுதான் வருகிறது. அங்கே எரிமலைமேல் பெர்க்மன் தனியாள் என்பதால் அவரது மாற்றம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 'இத்தாலியப் பயணம்' முறையால் அதைவிட உயர்ந்த படம். ஆனால் அதன் முடிவு இரண்டு பேர் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம், அதில் கேதரினின் கையெழுத்து மட்டுமே செல்லும்.