மலைபடுகடாம் காட்டும் மலைவழி

பத்துப்பாட்டுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது மலைபடுகடாம். 583 அடிகளால் ஆகிய இது, அளவில் 782 அடிகளையுடைய மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நிற்பது. பல்குன்றக்கோட்டத்துச் செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது என்பது நூலிறுதிக் குறிப்பால் விளங்கும். கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள்தொட்டு, கற்பார் பலரும் இதனைப் போற்றி வந்துள்ளனர். எனினும் போற்றும் முறை பெரும்பாலும் ஒரே தன்மைத்தாய் உள்ளது. பாட்டின் நடுப்பகுதியை இயற்கைப் புனைவு என ஒதுக்கி, அதனினின்று அழகிய சில காட்சிகளைப் பிரித்தெடுத்துக் காட்டுதலே வழக்கமாயிற்று. இஃது அப்பகுதியின் இயல்புக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பரிசில் பெற்று வருவோன் அது பெறாதோனை வள்ளலிடம் செலுத்துதல் ஆற்றுப்படையின் இலக்கணம். ‘ஆறு’ என்பதற்கு வழி என்பது பொருள். ஏனைய ஆற்றுப்படைகளிலும் வழி உண்டு. சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் இடையிலுள்ள நிலங்களையும், அங்கு வாழும் மக்கள் அளிக்கும் விருந்தையும் வரிசைப்படக் கூறுகின்றன. அவற்றுள் வழி என்பது ஓரூர்க்கும் அடுத்த ஊர்க்கும் இடைப்பட்டது. மலைபடுகடாத்திலோ வழி என்பது ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்டது. எங்கே காலை ஊன்றுவது, எதனைக் கையாற் பற்றுவது, எப்பொழுது கண்ணைத் திருப்பாதிருப்பது என்னும் அளவுக்கு நுணுகிச் செல்லும் ஆற்றுப்படை இஃதொன்றே. சொல்லப்போகும் பொருள்களைப் புலவரே தொடக்கத்தில் நிரல்பட எண்ணுகின்றார். நவிரமலைக் கடவுள், நன்னன் குடிச்சிறப்பு, அவன் அவை, சேயாறு, மூதூர் ஆகிய யாவும் அந்நிரலில் உள்ளன. ஆயினும் அவற்றிற்கெல்லாம் முன்னர் நிற்பவை வழியின் அளவும், இளைப்பாறுதற்குரிய இடங்களுமே. இம்முறைவைப்பைத் தற்செயல் என்று கொள்ளுதற்கில்லை.

வழியின் ஏதங்களாகப் புலவர் கூறுவனவற்றைத் தொகுத்துக் காண்போம். பன்றிகளைப் படுத்தற்கு வைத்த கற்பொறிகள் தினைப்புனத்தருகே உள்ளன. ஆதலின் விடிந்த பின்னரே செல்க. குழிகளில் பாம்புகள் ஒடுங்கியிருக்கும். குறித்து நோக்கி, விறலியர் கைதொழ, சற்றே விலகிச் செல்க. பரண்மேலிருந்து புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள் மரக்கிளைகளை ஊடுருவி வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடக்க. ஆழ்ந்த சுனைகளில் முதலைகள் திரியும், கரையோ வழுக்கும், ஒருவரை ஒருவர் காத்துச் செல்க. பாசி படர்ந்த இடங்களில் சிறுமூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொள்க. வீழ்ந்துகிடக்கும் மரம்போல் மலைப்பாம்பு கிடத்தலும் உண்டு, விலகிப் போக. இருள் வந்துற்றால் குகையினுள், தம் வீட்டினுள் புகுவார்போல் அச்சமின்றிப் புகுந்து தங்குக. இவையாவும் ஏவல் வினைகள். காட்சி ஒவ்வொன்றும் ஓர் அறிவுரைக்குக் காரணமாக நிற்கின்றது. காரணத்தை மட்டும் பிரித்தெடுத்து அழகு என்று பாராட்டி, அறிவுரையை விட்டுவிடின், பாட்டின் ஒரு பாதியையே படித்தவராவோம்.

இதனை ஐயமற நிறுவும் இடம் ஒன்று உண்டு. செங்குத்தான பாறைகளில் தேனடைகள் சக்கரம்போல் தொங்குகின்றன. மூங்கிற் கொம்புகளில் கடுவன் தாவ, மயில் ஆடித் தளர்கின்றது. எந்தப் புலவரும் கேட்போரை நிறுத்தி, ‘காண்மின்’ என்று சொல்லக்கூடிய இடம் இது. ஈண்டுப் பெருங்கௌசிகனார் சொல்வதோ, அவற்றைத் திடுமென ஏறிட்டு நோக்காதீர் என்பதே. நோக்கின் வரிசையாகச் செல்லும் மெல்லிய அடிகள் நெறி தவறும் என்பது அவர் கூறும் காரணம். அழகைச் சொல்லிவிட்டு, அதனைக் காணாதீர் என்று தடுக்கும் புலவரை, இயற்கை அழகில் தம்மை மறந்தவர் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? அவர்தம் கவலை, அடி தவறக்கூடிய விறலியரையும் இளையோரையும் பற்றியது. வலியோன் ஒருவன் தனித்து ஏறும் மலை அன்று இது; மெலியோர் உள்ளிட்ட ஒரு சுற்றம் சுமையோடு ஏறும் மலை.

சுமை என்றது இசைக்கருவிகளை. பாட்டின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் முதலாகப் பல கருவிகள் எண்ணப்படுகின்றன. இப்பட்டியலைப் பண்டை இசைக்கருவிகளை அறிவதற்குரிய சான்றாக மட்டும் பயன்படுத்துவாரே பலர். ஆயின் இக்கருவிகள் மலைவழியில் மும்முறை மீண்டும் வருதலை நாம் கருதுதல் வேண்டும். முதலாவது, கடவுள் உறையும் மலையிடத்தில் தொழுது செல்லுதலன்றி வறிதே கருவிகளைத் தொடாதீர் என்று புலவர் விலக்குகின்றார். இரண்டாவது, குறவரும் மயங்கும் குன்றத்தில் வழி தவறின், மேலும் நடத்தலைத் தவிர்த்து, அகன்ற பாறைமேல் ஒருங்கு கூடிக் கருவிகளை முழக்குக என்கின்றார். அவ்வோசை கேட்டுக் கானவர் விரைந்து வந்து, கனி தந்து, நெறியும் காட்டுவர். மூன்றாவது, கிளைவழிகளில் நிற்கும் நடுகற்களுக்குப் பாட்டும் இசையும் படைத்து விரைந்து கடக்கச் சொல்கின்றார். ஓரிடத்தில் அடங்குதல், ஓரிடத்தில் அழைத்தல், ஓரிடத்தில் வணங்குதல் என ஒரே இசை மூன்று தொழில் செய்கின்றது. அரசவையில் பரிசில் பெறுதற்கு உரியனவாக எடுத்துச்செல்லும் கருவிகள், அவையை அடையுமுன் உயிர் காப்பனவாகின்றன. தொடக்கத்துப் பட்டியல் வெறும் அணியன்று என்பது இதனால் பெறப்படும். வழி தவறியோர் முதற்கண் செய்யவேண்டுவது நின்ற இடத்தில் நிற்றலே என்பது, இன்றும் மலையேறுவோர்க்குச் சொல்லப்படும் அறிவுரை.

இனி, நம் கருத்துக்கு மாறாக ஒன்று கூறலாம். பாட்டின் பெயர்க்குக் காரணமான பகுதியில் ஏவல் இல்லையே. அங்கு மலையில் எழும் இருபதளவான ஓசைகள் அடுக்கப்படுகின்றனவன்றோ? மலையை யானையாகவும் ஓசையை அதன் மதமாகவும் உருவகித்தமையால் இப்பெயர் வந்தது என்பதன்றோ நச்சினார்க்கினியர் கருத்து? உண்மையே. ஆயினும் அப்பகுதி எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பது நோக்கத்தக்கது. வழி தவறியோர் பாறையில் அமர்ந்து ஓசை எழுப்புதலும், கானவர் வருதலும் கூறிய பின்னரே மலையின் ஓசைகள் தொடங்குகின்றன. நடந்துகொண்டிருந்தோர் நின்றனர், நின்ற பின்னர் மலை கேட்கின்றது. கிளி ஓட்டும் தட்டையின் ஓசை அருகில் புனம் உண்டு என்பதை அறிவிக்கும். வள்ளைப்பாட்டு குடியிருப்பையும், கரும்பாலையின் ஒலி விளைநிலத்தையும் அறிவிக்கும். அறிவோன் செவிக்கு இவ்வொலிகளும் வழியே.

எல்லா ஒலிகளையும் இவ்வாறு பயனொன்றால் அளத்தல் பொருந்தாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. புலியால் புண்பட்ட கணவர்க்குக் கொடிச்சியர் பாடும் பாட்டும், பள்ளத்தில் வீழ்ந்த பார்ப்புக்காக மந்தி தன் சுற்றத்தோடு அரற்றும் ஓசையும் வழி காட்டுவன அல்ல. எனினும் அவையும் வழியோடு தொடர்பற்றன அல்ல. மந்தி தன் பிடியை மறந்தமையால் பார்ப்பு வீழ்ந்தது என்கின்றார் புலவர். பற்றிச் செல்க, ஒருவரை ஒருவர் காக்க என்று முன்னர்ச் சொல்லியதன் பொருள் இவ்வரற்றலில் நமக்கு முழுதும் விளங்குகின்றது. மலையிற் பிறந்த உயிரே பிடி தவறும் இடத்தில், புதியோர் நிலை யாதாகும்? இவ்வாறு முன்னும் பின்னுமாகப் பொருள் இயைதலை அறிய, பாட்டை அது செல்லும் முறையிலேயே படித்தல் வேண்டும். அகன்று கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டி உரைக்கும் நச்சினார்க்கினியரது மாட்டு முறை, பொருள் முடிபு காண்பதற்குச் சிற்சில இடங்களில் உதவினும், வழிநடைப் பாட்டு ஒன்றில் அடிகளின் வரிசையே நடையின் வரிசை என்பதை மறைத்துவிடும்.

வழிக்குறிகளைப் பற்றிய பகுதியும் சிந்திக்கத்தக்கது. கிளைவழிகளில், செல்லும் நாட்டின் பெயரை அறியும்பொருட்டு எழுத்துப் பொறிக்கப்பெற்ற இடங்கள் உள்ளன. அவற்றோடு அமையாது, புதியோராகிய நீவிரும் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்க என்கின்றார். வழி காட்டப்பெற்றவர் பின்வருவோர்க்கு வழிகாட்டியாதல் இது. பரிசில் பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்தும் ஆற்றுப்படையின் அறமே, ஈண்டு ஒரு கைப்பிடிப் புல்லில் அடங்கிவிடுகின்றது.

செங்கண்மா இக்காலத்துத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றிற் கலக்கும் செய்யாறே சேயாறு. நவிரமலையைப் பர்வதமலை என்று கொள்வாரும் உளர். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் முதலாக எழுந்த, வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவை பாட்டின் காலத்துக்குப் பிற்பட்டன. ஆதலின் பாட்டிற் கூறிய கற்கள் அவையே என்று துணிதல் கூடாது. அவ்வழக்கு அந்நிலத்தில் நெடுங்காலம் நிலைபெற்றது என்ற அளவிற் கொள்ளுதலே முறை.

பாட்டின் இறுதியில் நன்னனது வாயிலில் ஆமான் கன்றும், யானைக் கன்றும், கரடிக் குட்டியும் திறைப்பொருளாக வந்து நிற்கின்றன. வழியில் அஞ்சி விலகிய மலை, அரண்மனை வாயிலில் அடங்கி நிற்கும் காட்சி இது. வாயிலை மட்டும் கண்டவனுக்கு இவை செல்வம். நடந்து வந்த கூத்தனுக்கோ அவற்றின் தாயரும் குரலும் நினைவில் நிற்கும். இவ்வேறுபாட்டை உணர்த்துதற்கேனும் அந்நெடிய வழி வேண்டும்.

2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்கு நடைப்பயணம் சென்றோருள் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தனர். பழைய பாட்டு ஒன்று அத்தகைய கேட்டைத் தடுத்திருக்கும் என்று கூறுவது பேதைமை. ஆயின் மலையைக் காட்சிப்பொருளாக மட்டும் கருதுவது தமிழ்மரபின் முழு உருவம் அன்று என்பதைக் கூறுதல் நம் கடன். மலையை அறிந்தவன் சொல்லைக் கேட்டு, மெலியோரைக் காத்து, பின்வருவோர்க்குக் குறி வைத்துச் செல்லும் நடையே மலைபடுகடாம் கற்பிப்பது. அந்நடையைக் கொண்டு அளந்தாலன்றி இப்பாட்டின் தகுதி விளங்காது என்பது எம் துணிபு.